வெளிநாட்டில் இசை ஆசிரியராகப் பணியாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறொரு நாட்டுக்குச் சென்று இசை கற்பிக்க விரும்புவோரும், அண்மையில் அப்பணியில் சேர்ந்தோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும் இடங்களில் பொதுவான நடைமுறை மட்டுமே கூறப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு, செல்லவிருக்கும் நாட்டின் குடிவரவு விதிகளை நேரடியாகப் படித்துக்கொள்வது அவசியம்.

வெளிநாட்டில் இசை ஆசிரியருக்கு எத்தகைய வேலைகள் கிடைக்கின்றன?

பெரும்பாலான வாய்ப்புகள் பன்னாட்டுப் பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றில் வகுப்பறை இசை ஆசிரியர் என்பவர் முழுநேர ஊழியர். வாத்தியம் கற்பிப்பவரோ பல பள்ளிகளில் மணிக்கணக்கில் ஊதியம் பெற்று, மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் நடத்துபவர். இவை தவிரத் தனியார் இசைப் பயிலகங்களும் உள்ளன. பல்கலைக்கழகப் பணிகளும் இசைக் கல்லூரிப் பணிகளும் எண்ணிக்கையில் குறைவு. அவற்றுக்கு ஆய்வுப் பட்டமோ மேடைப் புகழோ தேவைப்படும்.

வகுப்பறைப் பணியைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது முதலில் பள்ளி வேலை, அடுத்துத்தான் இசை வேலை. சிறிய பள்ளியில் ஒரே ஆசிரியர் மழலையர் வகுப்பிலிருந்து மேல்நிலை வகுப்பு வரை பாடம் எடுப்பார். பாடகர் குழுவையும் வாத்தியக் குழுவையும் நடத்துவார். பள்ளி விழா, பட்டமளிப்பு, நாடகம் ஆகிய எல்லாவற்றுக்கும் இசை அமைத்துத் தருவார். ஒலிபெருக்கியின் கம்பி அறுந்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். தாம் எவ்வளவு நன்றாக வாசிக்கிறோம் என்பதைவிட, வாசிக்கத் தெரியாத முப்பது பிள்ளைகளை ஒன்றாக வாசிக்கவைக்கத் தெரியுமா என்பதே அங்கு எடைபோடப்படும்.

என்னென்ன தகுதிகள் கேட்கப்படும்?

இசையிலோ இசைக் கல்வியிலோ இளங்கலைப் பட்டம், சொந்த நாட்டில் செல்லுபடியாகும் ஆசிரியர் பயிற்சிச் சான்று, பொதுவாக இரண்டாண்டு அனுபவம் ஆகியவை கேட்கப்படும். பட்டச் சான்றைப் பள்ளியைக் காட்டிலும் கண்டிப்பாகக் கேட்பது பல நாடுகளின் விசா அலுவலகங்கள்தாம். பள்ளி விரும்பினாலும் பட்டம் இல்லாதவருக்குப் பணி அனுமதி கிடைக்காமல் போகக்கூடும்.

1889-இல் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு, லண்டன் டிரினிட்டி கல்லூரி ஆகியவற்றின் எட்டு கிரேடு தேர்வுகளையும், அவற்றுக்கு மேற்பட்ட டிப்ளமோக்களையும் பலர் பட்டத்துக்கு ஈடாகக் கருதுகிறார்கள். வாத்திய ஆசிரியர் பணிக்கு அவை மிகவும் பயன்படும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாசிப்புத் திறனை அளப்பவை என்பதால், ஆசிரியர் உரிமம் கேட்கும் பள்ளியில் அந்த இடத்தை அவை நிரப்பமாட்டா.

கோடாய், ஓர்ஃப், டால்க்ரோஸ், சுசுகி ஆகிய பயிற்சிகளில் எதையாவது முடித்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை, எனினும் தொடக்கப்பள்ளி வேலையை நாடுபவருக்கு இன்னொரு வாசிப்பு டிப்ளமோவைவிட இவற்றில் ஒன்று கூடுதலாக உதவும் என்பது என் கருத்து. ஹங்கேரியரான சோல்தான் கோடாயின் வழி, பாட்டையே அடித்தளமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய கை சைகைகளை எடுத்துக்கொண்டு, ஸ்வரங்களைக் கண்ணாலும் கையாலும் உணரச் செய்கிறது. கார்ல் ஓர்ஃபின் வழியில் பேச்சின் தாளம், அசைவு, சைலஃபோன் போன்ற எளிய வாத்தியங்கள், மனோதர்மமாக வாசித்தல் ஆகியவை சேர்கின்றன. ஜாக் டால்க்ரோஸ் உடல் அசைவின் வழியே லயத்தைக் கற்பித்தார். ஷினிச்சி சுசுகியின் முறை, குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுக் கற்பதைப் போலவே வாத்தியத்தையும் கற்கலாம் என்ற எண்ணத்தில் எழுந்தது. அது தனிப்பாடத்துக்கு உரியது. பெற்றோரும் உடன் அமர்ந்து கற்க வேண்டும்.

ஹங்கேரியின் கெச்கெமேத் நகரிலுள்ள கோடாய் நிலையம், சால்ஸ்பர்க்கிலுள்ள ஓர்ஃப் நிலையம், ஜெனீவாவிலுள்ள டால்க்ரோஸ் நிலையம் ஆகியவை இவற்றின் தலைமை இடங்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பல நாடுகளில் கோடை விடுமுறையில் நிலை நிலையாக வகுப்புகள் நடைபெறுகின்றன. பொது மொழி இல்லாத வகுப்பில் இப்பயிற்சியின் அருமை தெரியும். கை சைகையும் எதிரொலிப் பாட்டும் தெரிந்தவருக்கு முதல் வாரம் ஓடிவிடும். விளக்கவுரையை நம்பியிருப்பவர் திணறிப்போவார்.

எந்தப் பாடத்திட்டங்களை அறிந்திருக்க வேண்டும்?

ஜெனீவாவில் 1968-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பாக்கலோரியா எனப்படும் ஐபி திட்டமும், பிரிட்டிஷ் பாணிப் பள்ளித் தேர்வுகளான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் ஆகியவையும் பரவலானவை. அமெரிக்கப் பாணிப் பள்ளிகள் பேண்ட், கொயர், ஆர்கெஸ்ட்ரா என்று குழு வாசிப்பையே பாடமாக வைத்திருக்கும். ஐஜிசிஎஸ்இ இசைத் தேர்வில் கேட்டறிதல், வாசித்தல், இயற்றுதல் என்று மூன்று பகுதிகள் உண்டு. ஐபி டிப்ளமோ இசைப் பாடம் 2020-இல் திருத்தியமைக்கப்பட்டு, 2022-இல் முதல் மதிப்பீடு நடந்தது. பழைய எழுத்துத் தேர்வு அதில் இல்லை. மாணவர் ஆராய்ந்து, இயற்றி, வாசித்துத் தொகுத்த படைப்புகளே மதிப்பிடப்படுகின்றன. தனக்குரிய இசை, தன்னைச் சுற்றியுள்ள இசை, உலகின் பிற இசை என்ற மூன்று தளங்களையும் மாணவர் தொட்டாக வேண்டும் என்பதால், மேற்கத்திய செவ்வியலுக்கு வெளியே ஒரு மரபை ஆழமாகக் கற்ற ஆசிரியருக்கு இத்திட்டம் முன்னைவிட இடங்கொடுக்கிறது.

மேற்கத்திய இசை அல்லாத மரபில் பயின்றவருக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு; ஆயினும் இரண்டு திறன்கள் இல்லாமல் வகுப்பறைப் பணி கிடைப்பது அரிது. ஒன்று, ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் எனப்படும் மேற்கத்திய இசைக் குறியீட்டைத் தடையின்றிப் படிப்பது. மற்றொன்று, பாடகர் குழுவுக்குத் துணையாகும் அளவுக்குப் பியானோவோ கிட்டாரோ வாசிப்பது. கச்சேரித் தரம் வேண்டியதில்லை. கைகள் தாமாக ஓடும்போது கண்கள் வகுப்பைக் கவனிக்க வேண்டும்.

மேற்கத்திய இசை கற்றவருக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஸ்வரங்களின் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் 'டோ' என்பது எப்போதும் சி ஸ்வரமே. ஆங்கிலேய மரபிலும் கோடாய் வழியிலும் 'டோ' என்பது எடுத்துக்கொண்ட மேஜர் ஸ்கேலின் முதல் ஸ்வரம். கர்நாடக இசையில் ஸட்ஜம் பாடுபவரின் சுருதிக்கேற்ப இடம் மாறுவதைப் போலவே அதுவும் மாறும். இவ்விரு முறைகளில் பயின்ற பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கும்போது, ஆசிரியர் ஒரு ஸ்வரத்தைச் சொன்னால் இரண்டு வேறு ஸ்வரங்கள் ஒலிக்கும். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் 'பி' என்பது பி ஃபிளாட்டைக் குறிக்கும். பி நேச்சுரலுக்கு 'எச்' என்ற எழுத்து வழங்குகிறது. கால அளவுகளிலும் இதே கதைதான்: பிரிட்டனில் 'கிராட்செட்' என்று கற்றதை அமெரிக்காவில் 'குவார்ட்டர் நோட்' என்பார்கள். பள்ளி எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொண்டு, அதில் எண்ணிப் பழகிவிடுவது நல்லது.

வேலைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? நேர்காணலில் என்ன எதிர்பார்க்கலாம்?

வட அரைக்கோளப் பள்ளிகளில் கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். அதற்கான ஆள்தேர்வு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே சூடுபிடித்துவிடும். தென் அரைக்கோளத்தில் பல இடங்களில் ஆண்டு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஆரம்பமாகும். நேர்காணல் காணொளி வழியே நடக்கும். வகுப்பு எடுக்கும் பதிவு ஒன்றையும் கேட்பார்கள். தனிக் கச்சேரிப் பதிவை அனுப்புவதைவிட, ஒரு குழு தவறாகப் பாடியதை ஆசிரியர் திருத்தி மீண்டும் பாடவைக்கும் ஐந்து நிமிடப் பதிவு அதிகம் பேசும். பிள்ளைகளின் முகம் தெரியும் பதிவுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும்.

ஒப்பந்தத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பன்னாட்டுப் பள்ளிகளில் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு இருக்கும். ஊதியம், தங்குமிடம், விமானச் செலவு, மருத்துவக் காப்பீடு, பணி முடிவில் தரும் பணிக்கொடை, சொந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணச் சலுகை ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். இசை ஆசிரியர் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு: வாரத்துக்கு எத்தனை பாடவேளைகள், பள்ளி நேரத்துக்குப் பிந்தைய குழுப் பயிற்சி அந்தக் கணக்கில் சேருமா, மாலை நிகழ்ச்சிகளுக்கு ஈடு விடுப்பு உண்டா, வாத்தியம் வாங்கவும் பழுது பார்க்கவும் ஆண்டு நிதி எவ்வளவு, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது யார் பொறுப்பு. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட எதுவும், குறிப்பாக 'புதிய இசை அறை கட்டப்போகிறோம்' என்ற உறுதிமொழி, எழுத்தில் வராதவரை இல்லாததாகவே கருதப்பட வேண்டும்.

ஊதியத் தொகையைப் போலவே அதைக் கொடுப்பவரின் நிதிநிலையும் முக்கியம். இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இசையமைப்பாளர் அந்தோனின் துவோர்ஷாக் 1892-இல் நியூயார்க் தேசிய இசைக் கல்லூரியின் இயக்குநராகச் சென்றார். ஆண்டுக்கு 15,000 டாலர் ஊதியம், நாளுக்கு மூன்று மணி நேர வேலை, நான்கு மாத விடுமுறை. இன்றைக்கும் யாரும் மறுக்கமாட்டாத ஒப்பந்தம் அது. ஆனால் கல்லூரியை நடத்திவந்த ஜெனட் தர்பரின் குடும்பம் 1893-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் அடிபட்டது. ஊதியம் காலந்தாழ்த்தியே வந்தது. ஊர் நினைவும் வாட்ட, 1895-இல் துவோர்ஷாக் நாடு திரும்பினார். அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. ஆகவே பள்ளி எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது, மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, ஊதியம் எந்த நாணயத்தில் வருகிறது, இடையில் விலகினால் இரு தரப்புக்கும் என்ன விளைவு ஆகியவற்றைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. அங்கே பணியாற்றிவிட்டு வந்த ஆசிரியர் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசினால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

எந்த ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும்?

பட்டச் சான்று, ஆசிரியர் சான்று, காவல்துறை நற்சான்று, பிறப்பு, திருமணச் சான்றுகள் ஆகியவை வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளுக்கு இடையே, ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும். இணையாத நாட்டுக்குச் செல்வதானால் அதன் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டும். இதற்கு வாரங்கள் பிடிக்கும் என்பதால், வேலை உறுதியாகும் முன்பே பட்டச் சான்றுக்கான வேலையைத் தொடங்கிவிடலாம்.

சொந்த வாத்தியத்தைக் கொண்டுசெல்வதில் சிக்கல் வருமா?

மரமும் தந்தமும்தான் சிக்கல். அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, பிரேசில் ரோஸ்வுட், யானைத் தந்தம் ஆகியவற்றை மிகக் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறது. பழைய கிட்டாரின் பக்கப் பலகையிலோ, வயலின் வில்லின் நுனியிலோ, பழைய பியானோவின் கட்டைகளிலோ அவை இருக்கக்கூடும். பிற ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் வந்து இசைக்கலைஞர்களைத் திண்டாடவைத்தன. 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட வாத்தியங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பட்டியலிலுள்ள பொருள் கொண்ட வாத்தியத்தோடு அடிக்கடி எல்லை கடப்பவருக்கு, மூன்றாண்டு வரை செல்லும் வாத்தியச் சான்றிதழை நாடுகள் வழங்க இயலும். என்ன மரம் என்று தெரியாவிட்டால், வாத்தியம் செய்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

பயணத்தைவிட அதிகமாக வாத்தியத்தைக் கெடுப்பது காற்றின் ஈரப்பதம். மர வாத்தியங்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 விழுக்காடு ஏற்றது. சூடேற்றப்பட்ட குளிர்கால அறையிலும், குளிரூட்டி நாள்முழுதும் ஓடும் அறையிலும் அது வெகுவாகக் குறைந்து பலகை பிளந்துவிடும். மிகவும் விலையுயர்ந்த வாத்தியத்தை வீட்டில் விட்டுவிட்டு, அன்றாட வேலைக்கு நடுத்தரமான ஒன்றை எடுத்துச்செல்வதே அறிவுடைமை.

பள்ளி நேரம் போகத் தனிப்பாடம் எடுக்கலாமா?

பணி அனுமதி பல நாடுகளில் குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். அவருக்கு வெளியே ஒரு மணி நேரம் கட்டணம் வாங்கிக் கற்பித்தாலும் விசா விதியை மீறியதாகிவிடலாம். 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பது நாடு கடத்தப்படும்போது உதவாது. பள்ளியின் எழுத்து அனுமதியும் நாட்டின் சட்டமும் இடங்கொடுத்தால் மட்டுமே இறங்கலாம். அப்போதும் தன் வகுப்பு மாணவரையே கட்டணத்துக்குக் கற்பிப்பதைப் பெரும்பாலான பள்ளிகள் ஏற்பதில்லை.

கட்டணம் நிர்ணயிக்கும்போது பயண நேரத்தையும் சேர்க்க வேண்டும். போலந்திலிருந்து பாரிஸ் சென்று பாடம் நடத்தியே பெரும்பாலும் வாழ்ந்த பியானோ இசைமேதை ஷோப்பான், தம் வீட்டில் நடத்தும் பாடத்துக்கு 20 பிராங்கும், மாணவர் வீட்டுக்குச் சென்றால் 30 பிராங்கும் வாங்கினார். இணையப் பாடத்தில் பயணம் இல்லை. ஆனால் ஒலி வந்துசேரும் தாமதம் ஏறத்தாழ 25 மில்லிநொடியைத் தாண்டினால் இருவர் சேர்ந்து வாசிப்பது கடினமாகிவிடும் என்பதால், அங்கே தனி வாசிப்பைக் கேட்டுத் திருத்த மட்டுமே முடியும்.

தனிப்பாடத்தின்போது குழந்தைப் பாதுகாப்பு விதிகள் எவ்வாறு பொருந்தும்?

கண்ணாடி பதித்த கதவுள்ள அறையில் பாடம் நடத்த வேண்டும். வில் பிடியைத் திருத்தவோ மூச்சுப் பயிற்சிக்கோ மாணவரைத் தொடுவதைத் தவிர்த்து, செய்துகாட்டியே கற்பிக்க வேண்டும். மிகவும் தேவையென்றால் முன்கூட்டியே கேட்டு, பள்ளியின் விதிக்கு உட்பட்டே செய்ய வேண்டும். சொந்தக் கைபேசி எண்ணில் மாணவரோடு உரையாடக் கூடாது.

முதலாண்டில் எது கடினமாக இருக்கும்?

மொழியும் தட்பவெப்பமும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் இசை ஆசிரியரை அதிகம் அலைக்கழிப்பது மாணவர்கள் வந்துபோகும் வேகம். பன்னாட்டுப் பள்ளியில் பெற்றோரின் பணியிட மாற்றத்தோடு பிள்ளைகளும் கிளம்பிவிடுவார்கள். வரலாற்று வகுப்பில் மூன்று பேர் போனால் மூன்று நாற்காலிகள் காலியாகும்; வாத்தியக் குழுவில் ஒரே டிராம்போன் மாணவன் போய்விட்டால் பாட்டே நின்றுவிடும். மேலும், ஒரே வகுப்பில் நான்காண்டு செல்லோ கற்றவரும், இசை வகுப்பையே கண்டிராதவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள்.

இதைச் சமாளித்தவர்கள் ஒருவித நெகிழ்ச்சியான முறையைக் கையாளுகிறார்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனித் தனிப் பாட்டெழுத்து இருந்தாலும், எந்த இரண்டு குரல்கள் எஞ்சினாலும் பாட்டு நிற்காத வகையில் எழுதப்பட்ட படைப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே மெட்டை ஒவ்வொரு குரலும் சற்றுப் பிந்திப் பிந்தித் தொடங்கும் கனான்களும், ஒரே தாளச் சுற்றின்மீது பல மெட்டுகள் அடுக்கப்படும் பாட்டுகளும் இதற்கு ஏற்றவை. கிடைக்கும் வாத்தியங்களுக்கு ஏற்பத் தாமே மாற்றி எழுதும் திறன் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இத்திறனை யாரும் நேர்காணலில் கேட்பதில்லை. இது இல்லாமல் இரண்டாமாண்டைத் தாண்டுவதும் கடினம்.

அவ்வூரின் இசையைக் கற்றுக்கொள்வதையும் முதலாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். அங்குள்ள கலைஞரை வகுப்புக்கு அழைத்து, தாமும் மாணவரோடு அமர்ந்து கற்றுக்கொள்ளும் ஆசிரியருக்குப் பிள்ளைகளிடம் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

குரலையும் காதையும் எப்படிக் காப்பது?

பாட்டுக்கும் பேச்சுக்கும் தொண்டையில் இருப்பவை அதே குரல் மடிப்புகள்தாம். நாள்முழுதும் பாடிக்காட்டி, இடையிடையே குழுவின் ஓசைக்கு மேல் கத்தியும் பேசுபவரின் குரல் சில மாதங்களிலேயே கரகரக்கும். சிறிய ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், கைதட்டலாலும் சைகையாலும் வகுப்பை அமைதிப்படுத்துவதும் உதவும்.

பேண்ட் அறையின் ஓசை அதைவிடப் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் 85 டெசிபல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதாவது 94 டெசிபலில் ஒரே மணி நேரம். சிறிய அறையில் பித்தளை வாத்தியங்களும் டிரம் செட்டும் முழங்கும்போது இந்த அளவை எளிதில் எட்டிவிடும் என்பதால், எல்லா ஓசைகளையும் சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பானை அணிவது அவசியம்.

அச்சு இசைத்தாள்களைப் படியெடுக்கலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் படைப்பாளி மறைந்து எழுபது ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும்; ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1945-இல் மறைந்ததால், அங்கே அவருடைய படைப்புகள் 2016 முதல் பொதுவுடைமை. ஆனால் 1940-இல் வெளியான அவருடைய மைக்ரோகாஸ்மோஸ் என்ற பியானோத் தொகுப்பு அமெரிக்காவில் இன்னும் காப்புரிமைக்கு உட்பட்டது. ஒரு நாட்டில் சட்டப்படி இறக்கிய கோப்பை இன்னொரு நாட்டு வகுப்பில் பயன்படுத்துவதற்கு முன்பு அங்குள்ள விதியைப் பார்க்க வேண்டும்.

சொந்த வாசிப்பு பின்தங்கிவிடுமா?

பின்தங்கும். பள்ளி நாளின் முடிவில் வாத்தியத்தைக் கையில் எடுக்க மனம் வராது என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, காலையில் பள்ளி திறக்கும் முன் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்பவர்களே தப்பிக்கிறார்கள். ஊரிலுள்ள பாடகர் குழுவிலோ பொழுதுபோக்கு ஆர்கெஸ்ட்ராவிலோ சேர்வதற்கு இன்னொரு பயனும் உண்டு: பள்ளிக்கு வெளியே நண்பர்கள் கிடைப்பார்கள். கட்டணம் வாங்கி மேடையேறுவதற்கும் விசா விதி பொருந்தும்.

ஓய்வூதியமும் வரியும் என்னவாகும்?

இவ்விரண்டையும் இளவயதில் புறக்கணிப்பவர்களே அதிகம். பல நாடுகளில் ஓராண்டில் 183 நாளுக்குமேல் தங்கினால் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளராகக் கருதுவார்கள். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் வாழ்க்கையே எச்சரிக்கை. 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1936 முதல் கற்பித்து, 1944-இல் எழுபது வயதில் ஓய்வுபெற வேண்டியதாயிற்று. எட்டாண்டுப் பணிக்குக் கிடைத்த ஓய்வூதியம் மிகச் சொற்பம். சிறு பிள்ளைகள் இருந்த வீட்டை நடத்தத் தனி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்படி நேர்ந்தது. நாடு மாறி மாறிப் பணியாற்றுபவருக்கு எந்த நாட்டிலும் முழு ஓய்வூதிய ஆண்டுகள் சேராது. முதல் மாத ஊதியத்திலிருந்தே தனிச் சேமிப்பு ஓடவேண்டும். சொந்த நாட்டின் ஓய்வூதியத் திட்டத்தில் தன்விருப்பமாகத் தொடர்ந்து பணம் செலுத்த முடியுமானால் அதை விடக் கூடாது.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

பணிச் சான்று, தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதம், அந்நாட்டுக் காவல்துறையின் நற்சான்று ஆகியவற்றை நாட்டில் இருக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியேறிய பின்பு காவல்துறைச் சான்று பெறுவது மிகவும் அலைச்சல். நிகழ்ச்சி நிரல்களின் படிகளையும், தாம் மாற்றி எழுதிய இசைத்தாள்களையும் சேர்த்து வைக்கலாம், ஆனால் பணிக்காலத்தில் எழுதியவை பள்ளியின் உடைமை என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வாத்தியங்களின் இருப்புப் பட்டியலையும், ஒவ்வொரு குழுவும் எதுவரை கற்றிருக்கிறது என்ற குறிப்பையும் அடுத்து வருபவருக்கு எழுதிவைத்துவிட்டுச் செல்வது வழக்கம்.